ஆய்லரும் கனவடிவங்களும்

வைரத்துக்குப் பட்டை தீட்டும் தொழிலாளி, தன் கையிலுள்ள கல்லை ஒளியிற் பிடித்துத் திருப்பித் திருப்பி நோக்குவதை நம்மிற் பலர் கண்டிருக்கலாம். கல்லின் பெருமை அதன் எடையில் மட்டும் அடங்கியதன்று. அதன்மேல் வெட்டப்பட்ட பட்டைகளின் எண்ணிக்கையையும் அவை ஒன்றோடொன்று கூடும் ஒழுங்கையும் பொறுத்ததாம். கணித நூலோரும் தம் கனவடிவங்களைச் சூழ்ந்து நிற்கும் எல்லைகளுக்கு இப்பட்டையின் பெயரையே இட்டு வழங்குகின்றனர். அவர் கூறும் பாஸெட் என்னும் சொல் பிரெஞ்சு மொழியினின்று வந்தது. சிறு முகம் என்பது அதன் பொருள். இச்சிறு முகங்களை முறையாக எண்ணி, அவ்வெண்ணிக்கையுள் மறைந்து கிடந்த நியதியொன்றை உலகுக்கு முதன்முதல் அறிவித்தவர், தம் வாழ்நாளில் முன்பாதியில் ஒரு கண்ணையும் பின்பாதியில் மற்றொரு கண்ணையும் இழந்த ஒருவர். லெயோனார்டு ஆய்லர் என்னும் அப்பெரியாரின் வரலாற்றை இங்குச் சுருக்கமாகக் கூறுவோம்.

ஆய்லர் 1707-ம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 15-ம் நாள் சுவிட்சர்லாந்து தேசத்துப் பாஸல் நகரிற் பிறந்தார். தந்தையார் பால் ஆய்லர் ஒரு குருவானவர். மகன் பிறந்த சிறிது காலத்துக்குள் அவர் பாஸலுக்கு அண்மையிலுள்ள ரீஹென் என்னுஞ் சிற்றூர்ச் சபைக்குப் போதகராகச் சென்றமையால், பிள்ளை அவ்வூரிலேயே வளர்ந்தான். தந்தையார் இளமையிற் கணிதமும் கற்றவராதலின், மகனுக்கு அதன் தொடக்கத்தைத் தாமே கற்பித்தார். ஆயினும், தம்மைப்போலவே மகனும் திருப்பணியில் அமர வேண்டுமென்பது அவருடைய எண்ணம்.

பதின்மூன்றாம் வயதிலேயே ஆய்லர் பாஸல் சர்வகலாசாலையிற் சேர்ந்தார். அக்காலத்து ஐரோப்பாவிற் கணிதத்தில் ஒப்பாரின்றி விளங்கிய ஜோஹான் பெர்னூலி என்பார் அங்கே ஆசிரியராக இருந்தார். தனிப்பாடம் சொல்ல அவருக்குப் பொழுதில்லை. எனினும், கடினமான நூல்களைத் தாமே படித்து, விளங்காத இடங்களைச் சனிக்கிழமை பிற்பகலில் வந்து கேட்குமாறு இளைஞருக்கு அனுமதியளித்தார். வாரம் முழுவதும் ஐயங்கள் இயன்றவரை குறையும்படி படித்து, எஞ்சிய சிலவற்றை மட்டும் ஆசிரியரிடம் கொண்டு செல்வது மாணவருடைய வழக்கமாயிற்று. கேட்குங் கேள்விகளின் தரத்தைக் கண்டே ஆசிரியர் மாணவரை மதிப்பிட்டார். பின்னர் அவரே தந்தையாரைக் கண்டு பேசி, இவ்விளைஞர் கணிதத்துக்கென்றே பிறந்தவர் என்று எடுத்துரைக்க, தந்தையாரும் மனமிசைந்தார்.

பத்தொன்பதாம் வயதில் ஆய்லர் இரண்டு முயற்சிகள் செய்தார். கப்பல்களிற் பாய்மரம் நாட்டும் முறையைப்பற்றிப் பாரிஸ் விஞ்ஞானக் கழகம் அறிவித்த போட்டிக்கு ஒரு கட்டுரை எழுதினார்; கடலையே கண்டிராத நாட்டினராகிய அவருக்கு இரண்டாந்தரச் சிறப்புக் கிடைத்தது. பாஸலிற் காலியாயிருந்த பௌதிகப் பேராசிரியர் பதவிக்கும் விண்ணப்பித்தார், அது கிடைக்கவில்லை. பிறந்த ஊரில் இடமில்லாத இளைஞர், அதே பெர்னூலியின் மகனாராகிய தானியேல் என்பாரின் முயற்சியால் ருஷ்ய நாட்டுச் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்து விஞ்ஞானக் கழகத்துக்கு அழைக்கப்பெற்று, 1727-ம் ஆண்டிற் பாஸலை விட்டுப் புறப்பட்டார். அதன்பின் அவர் தம் பிறந்த ஊரைக் காணவேயில்லை.

பீட்டர்ஸ்பர்க்கில் அவர் 1733-ம் ஆண்டிற் கணிதத் தலைமைப் பதவியை அடைந்தார்; மறு ஆண்டிற் காதரீனா க்ஸெல் என்னும் பெண்மணியை மணந்தார். அவர்களுக்குப் பிறந்த மக்கள் பதின்மூவர். அவருள் இளமை கடந்து வாழ்ந்தோர் ஐவரே. 1735-ம் ஆண்டிற் கடுஞ்சுரமொன்று அவரை வாட்டியது; 1738-ம் ஆண்டில் வலக்கண்ணின் பார்வை கெட்டது. தேசப்படங்களை வரைவதற்காகக் கண்ணை வருத்தியதே அதற்குக் காரணமென்று அவர் கருதினார். கண் ஒன்று போயினும் எழுத்துக் குறையவில்லை. கோனிக்ஸ்பர்க் நகரத்து ஏழு பாலங்களையும் ஒவ்வொரு முறையே கடந்து உலாவி வருதல் இயலுமோ என்னும் விளையாட்டு வினாவை அவர் ஆராய்ந்து, இயலாது என்று நிறுவியது இக்காலத்தேயாம். அளவையும் தூரத்தையும் நீக்கிவிட்டு, எது எதனோடு சேர்ந்திருக்கிறது என்பதை மட்டும் நோக்கும் புதியதொரு க்ஷேத்திரகணிதத்துக்கு அவ்வாராய்ச்சி வித்தாயிற்று.

1741-ம் ஆண்டில், பிரஷிய வேந்தர் பிரெடெரிக் அழைப்பிற்கிணங்கி ஆய்லர் பெர்லினுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே இருந்த இருபத்தைந்து ஆண்டுகளில், நாம் சிறப்பாகக் கூறப் புகுந்த செய்தி நிகழ்ந்தது.

கனவடிவங்களைப்பற்றிய ஆராய்ச்சி மிகப் பழமையானது. நான்முகம், அறுமுகம், எண்முகம், பன்னிருமுகம், இருபதுமுகம் என்னும் ஒழுங்கான வடிவங்கள் ஐந்தே உண்டு என்பதை யூக்ளிட் தம் நூலின் பதின்மூன்றாம் பகுதியில் நிறுவினார். ஆர்க்கிமிடீஸ் வேறு பதின்மூன்றைக் கண்டார். ஆயினும், இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கற்றோர் அனைவரும் கனவடிவத்தின் முகங்களையே நோக்கி, அவற்றாலேயே அவ்வடிவங்களுக்குப் பெயரிட்டு வந்தனர். இரண்டு முகங்கள் கூடும் கோட்டுக்கு எல்லார்க்கும் ஒப்ப முடிந்த பெயரொன்று இருந்ததில்லை. ஆய்லர் முதலிற் செய்த காரியம் அதற்கு ஒரு பெயர் சூட்டியதேயாம். வாள்முனையின் கூர்மையைக் குறிக்கும் லத்தீன் சொல்லொன்றை எடுத்து அவர் அதனை வழங்கினார். நாம் அதனை விளிம்பு என்போம். முகம், விளிம்பு, முனை என இம்மூன்றும் தனித்தனிப் பெயர் பெற்ற பின்னரே அவற்றைத் தனித்தனி எண்ணுதல் இயன்றது. பெயரில்லாப் பொருளை எண்ணுவோர் யார்?

1750-ம் ஆண்டு நவம்பர் மாதம் 14-ம் நாள், தம் நீண்டகால நண்பராகிய கோல்ட்பாக் என்பாருக்கு எழுதிய கடிதத்தில் ஆய்லர் தாம் கண்டதை அறிவித்தார். முனைகளின் தொகையோடு முகங்களின் தொகையைக் கூட்டினால், அது விளிம்புகளின் தொகையினும் எப்பொழுதும் இரண்டு மிகுதியாயிருக்கும் என்பதே அந்நியதி. சதுரப் பெட்டியொன்றை எடுத்துக்கொள்வோம். முனைகள் 8, முகங்கள் 6, ஆகப் பதினான்கு, விளிம்புகள் 12. எகிப்து தேசத்துப் பிரமிடை நோக்குவோம். முனைகள் 5, அடிமுகத்தோடு கூட முகங்கள் 5, ஆகப் பத்து; விளிம்புகள் 8. பெட்டியைச் சாய்த்தாலும், நீட்டினாலும், ஒரு மூலையை வெட்டியெறிந்தாலும் அந்த இரண்டு மாறுவதில்லை.

எளிதிற் காணக்கூடிய இச்செய்தியினின்று எளிதிற் காணவொண்ணாத உண்மைகள் பல விளைகின்றன. ஒன்று கூறுவோம். ஆறு விளிம்புகளுடைய கனவடிவம் உண்டு. எட்டு விளிம்புகளுடையதும் உண்டு. ஏழு விளிம்புகளுடையது இல்லை. என்னை? ஒவ்வொரு முகத்துக்கும் மூன்று விளிம்புகளேனும் வேண்டும். ஒவ்வொரு விளிம்பும் இரண்டு முகங்களுக்குப் பொதுவாம். ஆதலின், முகங்களின் தொகையை மூன்றாற் பெருக்கினால் அது விளிம்புத் தொகையின் இருமடங்காகிய பதினான்கை விஞ்சலாகாது. எனவே முகங்கள் நான்குக்கு மேற்படா. முனைகளும் அவ்வாறே. இரண்டுங் கூடினால் எட்டுக்கு மிகாது. நியதியோ ஒன்பது வேண்டுமென்கிறது. ஆகவே அத்தகைய வடிவம் இருத்தல் கூடாமை வெளிப்படை.

இனி, ஆய்லருடைய நேர்மையைக் காட்டும் செய்தியொன்று உண்டு. முதற் கட்டுரையில், இந்நியதி தாம் ஆராய்ந்த வடிவங்கள் அனைத்திலும் பொருந்தக் கண்டதாகவும், ஆயினும் அதனை நிறுவத்தக்க நிரூபணம் தமக்குத் தோன்றவில்லையென்றும் அவர் ஒளிக்காமல் எழுதிவைத்தார். ஐரோப்பா முழுதும் புகழ் பரவிய ஒருவர், தமக்குத் தெரியாததைத் தெரியாதென்று அச்சேற்றத் துணிந்தது சிறிய காரியமன்று. 1751-ம் ஆண்டில் நிரூபணமொன்று அவருக்குத் தோன்றியது. கனவடிவத்தின் ஒரு முனையைச் சூழ்ந்த பகுதியை நான்முகத் துண்டுகளாக அரிந்து நீக்கினால், முனைத்தொகை ஒன்று குறையும். விளிம்புத்தொகைக்கும் முகத்தொகைக்கும் உள்ள வேறுபாடும் ஒன்றே குறையும். இவ்வாறே முனைகளை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டு சென்றால், இறுதியில் ஒரு நான்முகம் எஞ்சும். அதில் முனை 4, முகம் 4, விளிம்பு 6 ஆதலின் நியதி பொருந்துகிறது. எனவே தொடக்கத்திலும் பொருந்தியதேயாம். இவ்விரு கட்டுரைகளும் 1758-ம் ஆண்டில் வெளிவந்தன.

பின்வந்தோர் இந்நிரூபணத்திற் குறையொன்று கண்டனர். எந்த முனையை முதலில் நீக்குவது, எவ்வாறு அரிவது என்பதை ஆய்லர் வரையறுக்கவில்லை. கருதாது அரிந்தால், எஞ்சியது ஒரே கனவடிவமாயிராமல், ஒரு விளிம்பிலோ முனையிலோ மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும் இரு துண்டுகளாய்ப் போகவுங் கூடும். 1794-ம் ஆண்டில் லெஜாண்டர் என்னும் பிரெஞ்சு அறிஞர், உருண்டையின் மேல் அவ்வடிவத்தின் நிழலை விழச்செய்து பரப்பளவு கணக்கிடும் வேறொரு வழியால் ஐயத்துக்கிடமின்றி அந்நியதியை நிறுவினார். ஆய்லருடைய வழியும் அரியும் ஒழுங்கைக் கவனித்தாற் குவிந்த வடிவங்களுக்குப் பழுதற்றதாகச் செம்மை செய்யத்தக்கதே என்று பிற்காலத்தார் காட்டியுள்ளனர்.

குறையினும் பெரியதொரு வினாவும் எழுந்தது: முகம் என்பது யாது? நான்கு மூலைகளையும் சாய்வாக இணைத்துச் செய்த படச்சட்டமொன்றின் முனைகள் 16, முகங்கள் 16, விளிம்புகள் 32. இங்கே இரண்டு மிகுதியாக வேண்டியிருக்க, ஒன்றும் மிகவில்லை. நடுவேயுள்ள துளையே காரணம். இத்தகைய விலக்குகளை 1813-ம் ஆண்டில் லூயிலியே என்பார் வகுத்துரைத்தார். இன்னும், பல திசைகளிலும் கூர்முனைகளை நீட்டி நிற்கும் நட்சத்திர விளக்கை நினைத்துக்கொள்க. அவ்வடிவங்களுள் ஒன்றைக் கெப்ளர் என்னும் வானநூலார் 1619-ம் ஆண்டிலேயே விவரித்தார். ஒன்றையொன்று ஊடுருவும் ஐங்கோண நட்சத்திரங்கள் பன்னிரண்டே அதன் முகங்கள் என்று கொண்டால், முனைகள் 12, விளிம்புகள் 30 ஆகி, ஆய்லரின் நியதி அடியோடு தவறுகிறது. கண்ணுக்குப் புறத்தே தோன்றும் முக்கோணத் துண்டுகளையே முகங்களாகக் கொண்டால், முகங்கள் 60, முனைகள் 32, விளிம்புகள் 90 ஆகி, நியதி செம்மையாக நிற்கிறது. பொருள் ஒன்றே, முகம் என்னும் சொல்லுக்கு நாம் தரும் பொருளால் கணக்கு வேறாகிறது. சொல்லை வரையறுத்தல் புலவர்க்கு மட்டும் உரிய வேலையென்று எண்ணுவோர் இதனைச் சிந்திப்பாராக.

ஆய்லரின் வாழ்க்கைக்கு மீள்வோம். பெர்லினில் அவருக்குப் புகழ் இருந்ததேயன்றி மனநிறைவு இல்லை. வேந்தர் பிரெடெரிக், சாதுரியமாய் உரையாடுவோரை விரும்பினார். அடக்கமும் பக்தியுமுள்ள ஆய்லரை மதிக்கவில்லை. அவருடைய ஒற்றைக் கண்ணையும் எள்ளி எழுதினார். எனவே 1766-ம் ஆண்டில், சக்கரவர்த்தினி காதரீன் அழைக்க, ஆய்லர் பீட்டர்ஸ்பர்க்குக்கே திரும்பினார். அங்கே அவரை எதிர்கொண்டது துன்பம். எஞ்சியிருந்த இடக்கண்ணிற் புரை வளர்ந்தது. 1771-ம் ஆண்டில் அவர் வீடு தீப்பற்றி எரிந்தது. பாஸல் நகரத்தவராகிய பீட்டர் கிரிம் என்பவர் உள்ளே பாய்ந்து அவரைத் தூக்கிவந்து காப்பாற்றினார். அவருடைய கையெழுத்துச் சுவடிகளும் பெரும்பாலும் தப்பின. அதே ஆண்டிற் கண்ணுக்குச் செய்த சத்திர சிகிச்சையாற் சில நாள் பார்வை மீண்டது. பின்னர் அதுவும் கெட்டு, அவர் குருடரானார். 1773-ம் ஆண்டில் மனைவியார் காலமானார்.

இவற்றில் ஒன்று போதும், மற்றவரை மூலையில் உட்கார வைக்க. ஆய்லரோ முன்னினும் மிகுதியாக உழைத்தார். மகனார் ஜோஹான் ஆல்பிரெக்டும், லெக்ஸல், நிக்கொலஸ் புஸ் முதலிய இளைஞரும் அருகிருந்து எழுத, அவர் மனத்திற் கணக்கிட்டுச் சொல்லிக்கொண்டே போவார். 1770-ம் ஆண்டில் வெளியான அட்சரகணித நூலும், 1772-ம் ஆண்டில் வெளியான சந்திரனின் இயக்கத்தைப்பற்றிய பெருநூலும் இக்காலத்தன. அவருடைய நூல்களும் கட்டுரைகளும் 860-க்கு மேற்பட்டவை. அவற்றுட் பாதியளவு பார்வை குன்றிய பின்னர் இயற்றியவை என்பது வியக்கத்தக்கது. 1783-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 18-ம் நாள், அக்காலத்திற் புதிதாகத் தோன்றிய ஆகாயக் கூண்டின் ஏற்றத்தைக் கணக்கிட்டு, புதிய கிரகமாகிய யுரேனஸின் பாதையைப்பற்றி உரையாடி, பேரக்குழந்தையோடு விளையாடிக்கொண்டிருக்கையில் அவர் மயங்கி வீழ்ந்து, அன்றிரவே உயிர்நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது எழுபத்தாறு.

அவர் எண்ணத் தொடங்கிய கணக்கு அவரோடு முடியவில்லை. அவர் நாட்டினராகிய லுட்விக் ஷ்லேப்ளி என்பார், 1850-ம் ஆண்டு முதல் 1852-ம் ஆண்டு வரை எழுதிய நூலொன்றில், நீளம், அகலம், உயரம் என்னும் மூன்றுக்கு அப்பால் நான்கும் ஐந்தும் அவற்றின் மேலும் பரிமாணங்களையுடைய வடிவங்களை ஆராய்ந்தார். அங்கே பட்டை என்னும் சொல் புதுப் பொருள் பெறுகிறது. ஒரு வடிவத்தின் பரிமாணத்துக்கு ஒன்று குறைந்த பரிமாணமுடைய எல்லை எதுவோ, அதுவே அவ்வடிவத்தின் பட்டை என்பது இக்காலக் கணித வழக்கு. தாளில் வரைந்த சதுரத்துக்கு அதன் பக்கக்கோடுகளே பட்டைகள். பெட்டிக்கு அதன் சதுர முகங்கள் பட்டைகள். நான்கு பரிமாணப் பெட்டிக்கோ, முழுப் பெட்டிகள் எட்டு அதன் பட்டைகள். நம் கையில் முழு வடிவமாக நிற்பது, அடுத்த உயர்நிலையில் ஒரு வெறும் எல்லையாக அமைகிறது. அந்நான்கு பரிமாணப் பெட்டியில் முனைகள் 16, விளிம்புகள் 32, சதுரங்கள் 24, பட்டைகள் 8. முனையிற் கோட்டைக் கழித்து, சதுரத்தைக் கூட்டி, பட்டையைக் கழித்தால் எஞ்சுவது பூச்சியம். இவ்வாறு மாறி மாறிக் கூட்டியுங் கழித்தும் வரும் விடை, ஒற்றைப் பரிமாணங்களில் இரண்டும் இரட்டைப் பரிமாணங்களிற் பூச்சியமும் ஆம் என்று ஷ்லேப்ளி கண்டார். ஆய்லரின் இரண்டு, அப்பெருநியதியின் ஒரு கூறேயாயிற்று.

ஷ்லேப்ளியின் நூல் மிக நீண்டதென்று கழகங்கள் ஏற்க மறுத்தன. அவர் 1895-ம் ஆண்டிற் காலமாகி, 1901-ம் ஆண்டிலேயே அது முழுமையாக வெளிவந்தது. அவரும் ஒன்றை நிறுவாமலே கொண்டார்: பட்டைகளை ஒழுங்காக ஒன்றன்பின் ஒன்றாய் அடுக்குதல் எக்காலும் இயலும் என்பதே அது. ஆய்லர் அரியும் ஒழுங்கிற் சறுக்கினார்; ஷ்லேப்ளி அடுக்கும் ஒழுங்கை நம்பி நடந்தார். 1971-ம் ஆண்டில் புரூகெஸ்ஸர், மானி என்னும் இருவர் அந்நம்பிக்கை மெய்யே என நிறுவினர். வடிவத்தின் ஒரு பட்டையினின்று நேரே புறப்பட்டுப் பறந்து செல்பவனுக்கு மற்றப் பட்டைகள் எந்த வரிசையிற் கண்ணுக்குப் புலனாகுமோ, அந்த வரிசையே வேண்டிய ஒழுங்கின் தொடக்கம் என்பது அவர்கள் கண்ட எளிய வழி. ஆய்லரின் கடிதத்துக்கும் இதற்கும் இடையே 221 ஆண்டுகள் சென்றன.

மாணவ அன்பர்களே, இப்பெரியார் வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்கவை பல. வாரம் முழுதும் தாமே முயன்று, சனிக்கிழமையில் ஒரு கேள்வியோடு ஆசிரியரை அணுகிய இளைஞரை நினைவிற் கொள்க. நிரூபணம் இல்லையென்று தாமே அறிவித்த பேராசிரியரையும் நினைவிற் கொள்க. எல்லாரும் கையாண்டும் எவரும் பெயரிடாத விளிம்பைக் கண்டு பெயரிட்டது அவருடைய ஒற்றைக் கண். அவர் விட்ட குறையைப் பின்வந்தோர் நிரப்பினர்; அவர் கண்ட உண்மையை எவரும் அசைக்கவில்லை. நம் மேசைமேலுள்ள சுண்ணக்கட்டிப் பெட்டியை எடுத்து, முனையையும் முகத்தையும் விளிம்பையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக. அந்த இரண்டு அங்கே நமக்காகக் காத்திருக்கிறது.